நாற்காலி போடுவது சட்டம்; அமரச் சொல்வது யார்?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியிருக்கிறது குளத்தூர். இங்கிருந்து ஜவுளிக்கடை வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு திசையில் பேருந்து ஏறினால் களியக்காவிளை, மார்த்தாண்டம். மறு திசையில் ஏறினால் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பேச்சிலும் பிழைப்பிலும் அந்தக் கோடு பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் 2018-க்கும் 2021-க்கும் இடையே அது துல்லியமாகத் தெரிந்தது.

கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்வோர் இடையிடையே உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்று கேரளம் 2018-இல் தனது கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. தமிழகத்தில் அதற்கான மசோதா 2021 செப்டம்பரில்தான் பேரவைக்கு வந்து, அவ்வாண்டே சட்டமானது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் ஒரே ஊரைச் சேர்ந்த இரு பெண்களில் ஒருவருக்கு உட்காரும் உரிமை இருந்தது, மற்றவருக்கு இல்லை. எந்தப் பேருந்தில் ஏறினார் என்பதே உரிமையைத் தீர்மானித்தது.

இந்த உரிமை ஆட்சியாளர்களின் கருணையால் வந்ததல்ல. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, கழிப்பறைக்குச் செல்லும் உரிமையிலிருந்து போராட்டத்தைத் தொடங்கி, உட்காரும் உரிமை வரை எடுத்துச் சென்றது. இத்தனைக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தனது 44-ஆவது பிரிவிலேயே இருக்கை வசதியை உறுதி செய்திருந்தது. கடைத் தொழிலாளிக்கு அந்த வசதி வந்து சேர எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த விதி இடம்பெற்றுள்ளது. ஆனால் பொதுவாகப் பத்துத் தொழிலாளர்களுக்குக் குறைவான இடங்களை அது எட்டாது. எல்லையோரக் கடைத்தெருவின் சிறு கடைகளுக்கு மாநிலச் சட்டமே துணை.

சட்டம் வந்துவிட்டது. நாற்காலியும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் உட்காருவது யார்? மேற்பார்வையாளரின் ஒரு பார்வை போதும். நாற்காலி நாள் முழுவதும் காலியாகவே கிடக்கும். 'உட்கார்ந்து கொள்ளுங்கள்' என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும். அந்தத் தளத்தில் உள்ள அத்தனை பேரும் அச்சமின்றி உட்காருவார்கள். பிரிவு எண்ணுக்கும் தொழிலாளியின் காலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவது இத்தகைய அன்றாடச் சொற்களே. சென்னை ரங்கநாதன் தெருவின் பின்னணியில் வசந்தபாலன் 2010-இல் எடுத்த 'அங்காடித் தெரு' திரைப்படம் தமிழர்களை உலுக்கியதற்கும், ஊதியத்தைவிட அங்கே காட்டப்பட்ட ஏச்சும் அவமதிப்புமே முக்கியக் காரணம்.

சொல் மாறினால் நிறுவனம் மாறுமா என்று கேட்போருக்கு பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் ஊராட்சி ஒரு விடையைத் தந்தது. அலுவலகத்துக்கு வரும் மக்கள் ஊழியர்களை 'சார்', 'மேடம்' என்று அழைக்கத் தேவையில்லை என்று அந்த ஊராட்சி மன்றம் 2021-இல் தீர்மானம் நிறைவேற்றியது. மனுக்களில் கெஞ்சும் சொற்களுக்குப் பதிலாக உரிமையைக் கோரும் சொற்களை எழுதலாம் என்றும் கூறியது. இதற்கென நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படவில்லை.

தமிழில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். மலையாளத்தில் 'வந்நு' என்ற ஒரே வினை முதலாளிக்கும் பொருந்தும், கடைப் பையனுக்கும் பொருந்தும். தமிழிலோ வந்தான், வந்தார் என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் மரியாதையோ அதன் மறுப்போ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வயது ஊழியரை 'வந்தியா' என்று கேட்கும் இளம் மேலாளர், வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவரது இடத்தை அவருக்கு நினைவூட்டுகிறார்.

இது கடைத்தெருவின் குறை மட்டுமன்று. 2024 ஜூலையில் புணேயில் பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன, கொச்சியைச் சேர்ந்த இளம் பட்டயக் கணக்காளர் உயிரிழந்தார். பணிச்சுமை பற்றி அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்ற அவரது வேதனை, எந்தச் சட்டப் பிரிவுக்குள்ளும் அடங்காதது.

நாடாளுமன்றம் என்ன செய்ய முடியும்? பணி நேரத்துக்குப் பின் அலுவலக அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமைக்காக சுப்ரியா சுலே 2018 டிசம்பரிலும், மீண்டும் 2025 டிசம்பரிலும் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் இரு அவைகளிலும் நிறைவேறி சட்டமானதில்லை என்பதே இங்குள்ள நிலவரம். அரசே முன்வந்து இத்தகைய சட்டத்தைக் கொண்டு வருவது அவசியம். இரவு பத்து மணி அழைப்பைத் தடுக்க ஒரு வரம்பு வேண்டும்.

இனிய சொல் உரிமைக்கு மாற்றாகிவிடவும் கூடாது. 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று ஆண்டு விழாவில் பேசிவிட்டு மிகைநேர ஊதியத்தை மறுக்கும் நிர்வாகங்களின் அன்பு, செலவில்லாத அன்பு. நியாயமான ஊதியமும் பணி நேரமும் உள்ள இடத்தில்தான் கனிவுக்குப் பொருள் உண்டு.

ஆய்வுக்குச் செல்லும் தொழிலாளர் துறை அலுவலர் நாற்காலிகளை எண்ணிவிட்டுத் திரும்பினால் போதாது. முதலாளி உடனில்லாதபோது ஊழியர்களிடம் தனியே கேட்க வேண்டும்: இன்று எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்? கழிப்பறைக்குச் செல்ல யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? உங்களை எப்படி அழைக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளின் விடையே அந்த நிறுவனத்தின் உண்மையான நிலை அறிக்கை.

வாடிக்கையாளருக்கும் இதில் பங்கு உண்டு. இருபதாவது புடவையைப் பிரித்துக் காட்டும் பெண் உட்கார்ந்தபடியே காட்டினால், அதை அவமரியாதை என்று எண்ணி மேலாளரிடம் புகார் சொல்பவர் இருக்கும் வரை, எந்தக் கடையிலும் அந்த நாற்காலி காலியாகவே இருக்கும்.