பேசி வைத்த விலை

ஒரு மூட்டை சிமெண்டில் எடை குறைந்திருக்குமானால், வாங்கியவன் தராசையே சாட்சியாக்கி, நுகர்வோர் மன்றத்தின் படியேறலாம். எடையும் தரமும் செவ்வனே இருந்து, உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் இரகசியமாகக் கலந்து பேசியதனால் விலை மாத்திரம் ஏறியிருக்குமானால், தான் வஞ்சிக்கப்பட்டதையே அவன் அறியமாட்டான். அறியாதவன் எந்த வாசலில் போய் முறையிடுவான்? அவனுக்குப் பதிலாகக் கணக்குகளைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரம் படைத்த ஓர் அரசாங்க ஸ்தாபனம் அவசியம் என்று கருதியே, 1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2002-இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த இந்தியத் தொழில்போட்டி ஆணையத்துக்கு, கூட்டுச் சதியைத் தண்டிக்கும் அதிகாரம் 2009 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்த அதிகாரத்தின் பெரும் பரீட்சை சிமெண்ட் வழக்கு. கட்டுமான ஒப்பந்ததாரர்களின் அகில இந்தியச் சங்கம் 2010-இல் புகார் கொடுத்தது. சிமெண்ட் நிறுவனங்கள் தங்கள் ஆலைகளின் உற்பத்தித் திறனை முழுவதும் பயன்படுத்தாமல், விலைகளை ஒருமித்து நகர்த்தியதாக முடிவுசெய்த ஆணையம், 2012 ஜூன் மாதத்தில் 11 நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. வாய்மொழி வாதங்களைக் கேட்க அமராத ஆணையத் தலைவர் உத்தரவில் கையொப்பமிட்டிருந்தார் என்பது அதற்குக் காரணம். மீண்டும் விசாரித்த ஆணையம் 2016-இல் சுமார் 6,700 கோடி விதித்தது. 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்ய, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்று, அபராதத்தில் பத்திலொரு பங்கைக் கட்டச் சொன்னது. அதற்குள் எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன; புகார் எழுந்த காலத்தில் மூட்டை வாங்கியவன் வீடு கட்டிக் குடியேறி, சுவருக்கு மறுபடியும் வெள்ளையடித்திருப்பான்.

விலை ஒன்றாயிருப்பதனாலேயே சதி நடந்ததாகிவிடாது என்று தொழிலதிபர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரே தெருவிலுள்ள தேநீர்க் கடைகள் யாவும் ஒரே விலை சொல்வதற்குச் சதியாலோசனை வேண்டியதில்லை. ஆகையினால்தான், சாட்சியத்தை நிதானமாக ஆராய்ந்து பேசவேண்டிய ஆணையம் தன் சொந்த நடைமுறையில் ஓட்டை வைத்தது மன்னிக்கத்தக்கதன்று என்பேன். வாதத்தைக் கேட்டவரே தீர்ப்பை எழுதவேண்டும் என்னும் ஆதி நியமத்தை அது காப்பாற்றியிருக்குமானால், முதற்சுற்றின் மூன்றரை ஆண்டுகள் வீணாகியிரா.

அபராதத் தொகை அரசாங்கத்தின் கஜானாவுக்குப் போகிறது. கூடுதல் விலை கொடுத்தவன் கைக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை. நஷ்டஈடு கேட்க அச்சட்டத்தின் 53-என் பிரிவு இடமளிப்பது உண்மையே. ஆயினும் குற்றம் நிலைநாட்டப்பட்ட பின்னரே அந்தக் கதவு திறக்குமாதலால், வழக்கு நீளநீள, ரசீதையும் தொலைத்துவிட்ட சாமானியனுக்கு அது ஏட்டளவில் நின்றுவிடுகிறது. ஆணையத்துக்கு இன்னும் அதிக அபராதம் விதிக்கும் அதிகாரத்தை 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அளித்த பாராளுமன்றம், இத்தகைய மேல்முறையீடுகளை முடிப்பதற்குக் கண்டிப்பான காலவரையறை விதிப்பதையும் இனி ஒத்திப்போடலாகாது.