முதற்புத்தகமும் சித்திரமும்

பட்டுத்தறியைப் பற்றித் தாம் எழுதிய முதற்புத்தகத்திற்குச் சித்திரங்கள் அவசியமா என்று களம்பூர் நேயர் ஒருவர் வினவுகிறார். செலவுக்கு அஞ்சுகிறார் போலும், நியாயமே!

1906-இல் தோன்றிய 'இந்தியா' பத்திரிகையில் பாரதியார் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். எழுத்தறியாதாரிடமும் அவை அரசியல் பேசின. அவருடைய பாட்டுகளுக்கோ பிரதிகளே முக்கியமாயின. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மூன்று பாட்டுகளை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

நேயரின் நூல் வேறு வகை. பாவும் ஊடையும் கூடுவதை, கோர்வையில் கரை இணைவதைப் பத்துப் பக்கம் எழுதினாலும் தறி காணாதவர் அறியார். ஒரு கோட்டுச்சித்திரம் காட்டிவிடும். வர்ணப்படம் வேண்டா, காகிதச் செலவும் அச்சுக்கூலியும் ஏறும். கோட்டுச்சித்திரம் எழுத்துடனே ஒரே மையில் அச்சாகும். ஆனால், நெய்பவர் ஒருவர் பார்த்துத் திருத்திய பிறகே அதனை அச்சுக்கு அனுப்புக!