காயும் கனியும்

மக்கள் உயிர் வாழ்தற்கு உணவு இன்றியமையாதது. அவ்வுணவுள் சோறும் பருப்பும் உடலுக்கு வலிமை தருவன. காயும் கனியும் கீரையும் அவ்வுடலை நோய் அணுகாவாறு காப்பன. முன்னவற்றை நாள்தோறும் தேடி உண்ணும் மக்கள் பின்னவற்றை அங்ஙனம் கருதுவதில்லை. காயைச் சோற்றுக்குத் துணையாக ஒரு கரண்டி அளவே இட்டுக்கொள்கின்றனர். கனியையோ, நோயுற்றாரைக் காணச் செல்லும்போது மட்டுமே பலர் வாங்குகின்றனர். படுக்கையில் கிடப்பவர்க்கு ஆரஞ்சும் ஆப்பிளும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு எண்ணெயில் வறுத்த பண்டப் பொட்டலம்! இம்முறை தலைகீழானது அன்றோ? கனி நோயாளிக்கென ஒதுக்கி வைத்த பொருளன்று. நலமுடையார் நாள்தோறும் உண்ணுதற்கு உரியது.

இவ்வுண்மையை விளக்கத் தாம்பரத்தின் வரலாறே போதும். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பார் அவ்வூரில் காசநோயாளர்க்கென ஒரு மருத்துவ நிலையம் நிறுவினார். அதன் பெயராலேயே அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என வழங்குகிறது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அக்காலத்தில் இல்லை. தூய காற்று, கதிரவன் ஒளி, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே மருத்துவமாக இருந்தன. அவற்றால் தேறினாரும் உளர், தேறாதாரும் உளர்.

1940களில் ஸ்டிரெப்டோமைசின் முதலிய மருந்துகள் தோன்றின. அதன்பின் 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. காசநோயாளருள் ஒரு சாரார் மருத்துவ நிலையத்தில் தங்கி, நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றொரு சாரார் தம் எளிய இல்லங்களிலேயே இருந்தனர். இரு சாராரும் ஒரே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். பயனோ இருவர்க்கும் ஏறத்தாழ ஒத்தே இருந்தது. இம்முடிவு உலக நாடுகள் பலவற்றின் மருத்துவ முறையையே மாற்றியது.

இதனால் பெறப்படுவது யாது? கிருமியால் வந்த நோயைத் தீர்ப்பது மருந்தே. பழம் அம்மருந்தின் வேலையைச் செய்யாது. ஆயின், உணவு பயனற்றது என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. ஊட்டம் குறைந்த உடலையே காசநோய் எளிதிற் பற்றுகிறது. வேலியின் பயன் மாடு புகுமுன்னரே உண்டு. பயிர் மேயப்பட்டபின் வேலியிடுவதால் அவ்விளைச்சல் மீளாது. நல்லுணவு உடலுக்கு அத்தகைய வேலி என்க.

உணவுக் குறையால் வரும் நோய்க்கு மட்டும் உணவே மருந்தாகும். முற்காலத்தில் நெடுந்தொலைவு கடலிற் சென்ற மாலுமிகள் ஈறு வீங்கிக் குருதி கசிய மாண்டனர். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் அந்நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அக்கனிகளில் உள்ள வைட்டமின் 'சி' என்னும் சத்தே அதற்குக் காரணம் எனப் பிற்காலத்தார் கண்டனர்.

நம் நாட்டிலும் உணவாராய்ச்சி நெடுநாளாக நடைபெறுகிறது. 1918இல் குன்னூரில் மக்காரிசன் என்பார் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம், 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. காயும் கீரையுமாக 400 கிராமும், கனி 100 கிராமும் ஒருவர் நாள்தோறும் உண்ண வேண்டும் என்று அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. கரண்டி அளவு பொரியல் இவ்வளவிற்கு எட்டாது என்பது வெளிப்படை. தமிழ்நாட்டு மகளிருள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச் சோகை உடையவர் என்பதை 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய நலக் கணக்கெடுப்பு காட்டிற்று. கீரை மிகுந்த நாட்டில் இந்நிலை நேர்ந்தது வருந்தத்தக்கது.

"பழம் விலை மிகுந்தது, ஏழைக்கு எட்டாது" என்பர் சிலர். தொலைவிலிருந்து வரும் ஆப்பிளையே பழம் என்று எண்ணுவதால் வந்த குறை இது. நம் கொய்யாவில் உள்ள வைட்டமின் 'சி' ஆரஞ்சில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆப்பிளிலோ அது மிகச் சிறிதே. நெல்லியோ கொய்யாவினும் மேம்பட்டது. பப்பாளியும் வாழையும் எளிதிற் கிடைப்பன. வீட்டுப் புறத்தே ஒரு முருங்கை நின்றால் கீரைக்குக் காசே வேண்டா. கீரையை நறுக்குமுன் கழுவுதல் வேண்டும். நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுதல் கூடாது. சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து உண்டால், கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும்.

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஊர்களில் ஏரிப் பாசனத்தால் வயல்கள் விளைந்த காலம் உண்டு. இன்று அவ்வயல்களிற் பெரும்பாலன வீட்டு மனைகளாயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. நகரம் வளர்வதைத் தடுத்தல் இயலாது, தடுத்தலும் வேண்டா. ஆயினும், எஞ்சிய ஏரிகளைத் தூர்க்காது காத்தலும், வீடுதோறும் ஒரு முருங்கையோ கொய்யாவோ நடுதலும் இயலும். நிலமில்லாதார் மாடியில் தொட்டி வைத்துச் சிறுகீரை விதைக்கலாம்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உண்ணும் நெறியையே மிகுதியாகப் பேசினார். மருத்துவனைப் பற்றிப் பின்னரே கூறினார். அவ்வரிசை உணர்ந்து கொள்ளத்தக்கது. வாழ்நாள் முழுவதும் நின்று பயன் தரும் வழக்கங்கள் இளமையிலேயே வேரூன்றுகின்றன. ஆதலின், மாணவர் தம் கையிற் கிடைக்கும் சிறு காசைப் பொட்டலப் பண்டத்திற்குச் செலவிடாது, ஒரு கொய்யாவிற்குச் செலவிடப் பழகுதல் வேண்டும். இலையில் இட்ட கீரையை ஒதுக்காது உண்ணுதல் வேண்டும். நோய் வந்தபின் பிறர் கொணரும் பழத்தினும், நலமாக இருக்கும் நாளில் தாமே உண்ணும் பழம் நூறு மடங்கு சிறந்தது.