தலைகளை எண்ணினால் ஒருவர், பேராளர்களை எண்ணினால் இன்னொருவர்: அமெரிக்கக் கட்சித் தேர்தல்கள் நமக்குச் சொல்வது என்ன?

2020 பிப்ரவரி 3 அன்று இரவு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் தங்கள் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்வதற்கான முதல் கூட்டங்களை நடத்தினர். முடிவுகளை அனுப்புவதற்கென உருவாக்கப்பட்டிருந்த கைபேசிச் செயலி பழுதாயிற்று. பல நாள்கள் கழித்து வந்த முடிவோ குழப்பத்தைத் தீர்க்கவில்லை. கூட்டத்திற்கு வந்தவர்களின் தலைகளை எண்ணியதில், முதல் சுற்றில் பெர்னி சாண்டர்ஸ் ஏறத்தாழ 6,000 பேர் முன்னிலை பெற்றிருந்தார். இரண்டாம் சுற்றிலும் ஏறத்தாழ 2,500 பேர் கூடுதலாக அவருக்கே ஆதரவளித்திருந்தனர். ஆனால், தேசிய மாநாட்டுக்கான பேராளர் கணக்கில் பீட் புட்டிஜெஜுக்கு 14 பேர், சாண்டர்ஸுக்கு 12 பேர் என்று வந்தது. வெற்றியாளர் இவர்தான் என அறிவிக்க அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மறுத்துவிட்டது.

அன்றைய விவாதங்களில் பெரும்பாலானவை செயலியைக் குற்றம் சொல்வதோடு முடிந்துபோயின. செயலி ஒழுங்காக இயங்கியிருந்தாலும் இதே எண்கள்தாம் வந்திருக்கும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வாக்குக்கும் வெற்றிக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஒடுக்கப்பட்ட மக்களின் அரசியலுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல.

கணக்கு எங்கே மாறுகிறது?

'காகஸ்' என்பது வாக்குச்சாவடியில் வரிசையில் நின்று வாக்களிக்கும் தேர்தல் அன்று. ஒரு பகுதியைச் சேர்ந்த கட்சியினர் மாலையில் பள்ளியிலோ தேவாலய அரங்கிலோ கூடுவர். 2020 வரை அயோவாவின் ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களில், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் அரங்கின் ஒரு மூலை ஒதுக்கப்படும். ஆதரவாளர்கள் அங்கே போய் நிற்க வேண்டும். பெரும்பாலான பகுதிகளில், வந்தவர்களில் 15 விழுக்காட்டினரையேனும் பெறாத வேட்பாளர் தகுதி இழப்பார். அவருடைய ஆதரவாளர்கள் வேறு மூலைக்குப் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பகுதிக்கு நான்கு பேராளர் இடங்கள். கூட்டத்திற்கு வந்தவர்கள் 100 பேர். முதல் வேட்பாளருக்கு 52 பேர், இரண்டாமவருக்கு 34 பேர், மூன்றாமவருக்கு 14 பேர். மூன்றாமவர் தகுதி இழக்கிறார். அந்த 14 பேரும் முதல்வரிடம் சென்றால் 66-க்கு 34. இடங்கள் மூன்றுக்கு ஒன்று எனப் பிரியும். இரண்டாமவரிடம் சென்றால் 52-க்கு 48. இடங்கள் இரண்டுக்கு இரண்டு. பாதிப் பேருக்கு மேல் ஆதரித்த வேட்பாளருக்கும் அப்போது கூடுதலாக ஓர் இடம்கூடக் கிடைக்காது.

இதைவிட முக்கியமான இன்னொரு விதியும் உண்டு. ஒரு பகுதிக்கு எத்தனை இடங்கள் என்பது அன்றிரவு வந்த கூட்டத்தைப் பொறுத்ததன்று. முந்தைய தேர்தல்களில் அப்பகுதியில் கட்சி பெற்ற வாக்குகளைப் பொறுத்தது. பக்கத்துப் பகுதியில் 300 பேர் திரண்டு வந்தாலும் அங்கேயும் அதே நான்கு இடங்கள்தாம் இருக்கக்கூடும். புதிதாக அரசியலுக்குள் வரும் இளைஞர்கள் ஓரிடத்தில் குவிந்தால், ஒவ்வொருவருடைய வாக்கின் எடையும் அந்த அளவுக்குக் குறைகிறது.

பகுதிப் பேராளர்கள் மாவட்ட மாநாட்டுக்கும், அங்கிருந்து தேர்வானவர்கள் மாநில மாநாட்டுக்கும் செல்கின்றனர். கட்சி நெடுங்காலமாக வெளியிட்டு வந்தது, இந்த மேல்படிக்கு மாற்றப்பட்ட கணக்கை மட்டுமே. 2016-இல் ஹிலாரி கிளின்டன் சாண்டர்ஸைக் கால் விழுக்காடு அளவில் முந்தியதாக அறிவிக்கப்பட்டபோது, எத்தனை பேர் யாருக்காக நின்றார்கள் என்ற எண்ணிக்கை வெளியிடப்படவே இல்லை. 2020-இல்தான் முதல்முறையாகத் தலை எண்ணிக்கையும் வெளிவந்தது. வெளிவந்ததால்தான் முரண்பாடு கண்ணுக்குத் தெரிந்தது.

இது அயோவாவுக்கு மட்டும் உரியதன்று. 2008-இல் நெவாடாவில் கிளின்டன் ஏறத்தாழ 51 விழுக்காடு பெற்று முந்தினார். பேராளர்களோ ஒபாமாவுக்கு 13, கிளின்டனுக்கு 12. இரட்டைப்படை இடங்கள் உள்ள வட்டாரத்தில் சிறிய வெற்றிக்குச் சரிபாதிதான் கிடைக்கும். ஒற்றைப்படை இடங்கள் உள்ள வட்டாரத்தில் அதே சிறிய வெற்றிக்கு ஓர் இடம் கூடுதலாகக் கிடைக்கும். அதே ஆண்டு டெக்சாஸில் பகலில் வாக்குப்பதிவும் இரவில் காகஸும் நடந்தன. வாக்குப்பதிவில் வென்றவர் கிளின்டன். இரண்டையும் சேர்த்த பேராளர் கணக்கில் ஒபாமாவுக்கு 99, கிளின்டனுக்கு 94. 2012-இல் அயோவாவின் குடியரசுக் கட்சியில் நடந்தது இன்னும் விந்தையானது. அன்றிரவு மிட் ராம்னி 8 வாக்குகளில் வென்றார் என்றார்கள். இரண்டு வாரங்கள் கழித்து ரிக் சான்டோரம் 34 வாக்குகள் முன்னிலை என்றார்கள். இறுதியில் தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பேராளர்களில் 22 பேர், மூன்றாவதாக வந்த ரான் பாலுக்கு வாக்களித்தனர். மக்கள் கூட்டம் முடிந்து வீடு திரும்பிய பின்னரும் மேல்படி மாநாடுகளில் பொறுமையாக அமர்ந்திருந்தவர்கள் பாலின் ஆதரவாளர்களே.

அரங்கில் இல்லாதவர்கள்

விதிகளைப் படித்தவர் வெல்கிறார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த அரங்கிற்கு யாரால் வர முடியும்? குறித்த இரவில், குறித்த நேரத்தில், மணிக்கணக்கில் இருக்க முடிந்தவர்களால்தான். இரவுப் பணிக்குச் செல்லும் தொழிலாளர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய், நடக்க இயலாத முதியவர் ஆகியோர் தொடக்கத்திலேயே விலக்கப்படுகின்றனர். 2020-இல் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநிலத்தில் இக்கூட்டங்களில் பங்கேற்றவர்கள் ஏறத்தாழ 1,76,000 பேர் மட்டுமே.

வந்தவர்களுக்கும் இரகசிய வாக்கு இல்லை. முதலாளி ஒரு மூலையிலும் தொழிலாளி எதிர்மூலையிலும் எல்லார் கண்முன்னும் நிற்க வேண்டும். நிலவுடைமையாளர் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அயோவா மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெள்ளையர். கறுப்பின மக்களின் வாக்குகளை நம்பியிருக்கும் ஒரு கட்சி, தன் தேர்வின் முதல் சொல்லை 1972 முதல் இத்தகைய ஒரு மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தது. 2024-இல்தான் அக்கட்சி தென் கரோலினாவை முதலிடத்திற்குக் கொண்டுவந்தது. அங்கே அக்கட்சியின் முன்தேர்தல் வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அயோவாவின் ஜனநாயகக் கட்சி அஞ்சல்வழி வாக்குக்கு மாறியது.

"இது கட்சியின் உள்விவகாரம்"

இந்த மாற்றங்கள் யாருடைய பெருந்தன்மையாலும் வந்தவையல்ல. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் முன்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதி இருந்தது. அங்கே அக்கட்சி நிறுத்துபவரே பொதுத்தேர்தலில் வெல்வார் என்ற நிலையில், உண்மையான தேர்தல் முன்தேர்தல்தான். கட்சி என்பது தனியார் சங்கம், உறுப்பினர் யார் என்பது எங்கள் உள்விவகாரம் என்பதே அவர்களின் வாதம். லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல்மருத்துவர் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாடி, 1944-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது.

மிசிசிப்பியில் சுவர் வேறு வகையில் நின்றது. மாநில மக்களில் ஐந்தில் இருவர் கறுப்பினத்தவர். 1960-களின் தொடக்கத்தில் அவர்களில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தோர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. கட்சியின் பகுதிக் கூட்டங்களுக்குச் சென்ற கறுப்பினத்தவர் முன் கதவுகள் சாத்தப்பட்டன. எனவே 1964-இல் அவர்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை உருவாக்கினர். அதே விதிகளின்படி, எல்லோருக்கும் திறந்த கூட்டங்களைக் கீழிருந்து மேலாக நடத்தி, 68 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்து அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்கு அனுப்பினர். பருத்திக் காட்டுக் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்த ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காகத் தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்டதையும் சிறையில் அடிக்கப்பட்டதையும் தகுதி ஆய்வுக் குழுவின் முன் சாட்சியமாகச் சொன்னார்.

கிடைத்தது என்ன? இரண்டே இடங்கள். அந்த இருவர் யார் என்பதையும் மேலிடமே குறித்துத் தந்தது. ஹேமரும் தோழர்களும் அதை ஏற்க மறுத்தனர். அம்மறுப்பைப் பிடிவாதம் என்றவர்கள் அன்று பலர். ஆனால் நான்கு ஆண்டுகளுக்குப் பின் சிகாகோ மாநாட்டில், மிசிசிப்பியின் பேராளராக அங்கீகரிக்கப்பட்ட குழுவில் ஹேமர் அமர்ந்திருந்தார்.

எண்ணும் முறையும் இவ்வாறுதான் மாறியது. 1984-இல் ஜெசி ஜாக்சன் முன்தேர்தல் வாக்குகளில் ஏறத்தாழ 18 விழுக்காடு பெற்றார்; மாநாட்டில் அவருக்கு வாக்களித்த பேராளர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு. தகுதி வரம்பு அப்போது 20 விழுக்காடாக இருந்தது. முதலில் வந்தவருக்குக் கூடுதல் இடம் தரும் முறைகளும் இருந்தன. 1984-இலும் 1988-இலும் ஜாக்சன் தரப்பு போராடியதன் விளைவாக வரம்பு 15 விழுக்காடானது. வாக்கு விகிதத்திற்கேற்பப் பேராளர்களைப் பங்கிடுவது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவிதியாயிற்று. 2008-இல் பெரிய மாநிலங்கள் பலவற்றில் தோற்றும் ஒபாமா முன்னிலையைக் காத்துக்கொள்ள உதவியது இவ்விதியே.

இரு கட்டத் தேர்தலை நாம் அறிவோம்

படிப்படியாக நடக்கும் தேர்தலில் கீழ்ப்படியின் முடிவு மேல்படியில் கரைந்துபோவது நம் வரலாற்றிலும் நடந்தது. 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம், மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களைத் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கியது. தேர்தலுக்கு இரண்டு கட்டங்கள். முதற்கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வர் கொண்ட பட்டியலைத் தேர்வர். இறுதிக்கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் அனைவரும் தேர்வர்.

முதற்கட்டத்தில் நான்காவதாக வந்தவரும் இறுதிக்கட்டத்தில் வெல்லலாம். தம் மக்களின் பெரும்பான்மை வாக்கைப் பெற்று முதலிடத்தில் நின்றவர், சாதி இந்துக்களின் வாக்கு எண்ணிக்கையால் தோற்கலாம். 1945-46 தேர்தல்களில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளர்களுக்கு இதுவே நேர்ந்தது. முதற்கட்ட முடிவே தம் மக்களின் உண்மையான தீர்ப்பு என்று அம்பேத்கர் எண்களைக் காட்டி வாதிட்டார். அவ்வாதத்தின் சாரம், அட்லாண்டிக் சிட்டியில் ஹேமர் எழுப்பிய கேள்வியிலிருந்து வேறுபட்டதன்று. எங்களுக்கு எத்தனை இடம் என்பதோடு, அந்த இடத்தில் அமர்பவரை யார் தேர்வது என்பதையும் அவர்கள் கேட்டார்கள்.

இன்று நம் நாட்டின் பெரும்பாலான கட்சிகளில் காகஸும் இல்லை, முன்தேர்தலும் இல்லை. தனித்தொகுதி வேட்பாளரைக் கட்சித் தலைமையே அறிவிக்கிறது. அந்தப் பெயர் எந்த அறையில், யார் முன்னிலையில் முடிவானது என்பதைக் கேட்க நமக்கு ஒரு கூட்டம்கூட இல்லை. அமெரிக்காவின் குழப்பமான விதிகளாவது எழுத்தில் இருக்கின்றன. எழுத்தில் இருப்பதால்தான் அவற்றைப் படித்து, எதிர்த்து, மாற்ற முடிந்தது.

ஆகவே, மாணவர் சங்கத் தேர்தலாயினும் கட்சி மாநாடாயினும் நாம் பங்கேற்கும் இயக்கமாயினும், யார் வென்றார் என்று கேட்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். முதல் கூட்டம் யாருக்கு வசதியான நேரத்தில், எந்தத் தெருவில் நடக்கிறது? வாக்கு இரகசியமானதா? இடங்கள் எந்தக் கணக்கில் பிரிக்கப்பட்டன? கீழே எடுத்த முடிவை மேலே மாற்ற முடியுமா? நம் சார்பில் அமரப்போகும் பெயரை எழுதுவது யார்? இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்தில், விதிப்புத்தகத்தை வாங்கிப் படிப்பதே நம் முதல் வேலையாக இருக்கட்டும்.