சிலந்தி ஒரு பூச்சியன்று



அருள்மறையின் 16ஆவது அத்தியாயத்தின் பெயர் தேனீ, 27ஆவது எறும்பு, 29ஆவது சிலந்தி. இம்மூன்றனுள் பூச்சியினத்தைச் சேராதது எது என்று ஓதுகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்; பலர் விழிப்பார்கள். சிலந்தி என்பதே விடை. இதை அறிய நுண்ணோக்கி வேண்டியதில்லை. கால்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

தேனீ, எறும்பு, தட்டான், வண்டு ஆகிய பூச்சிகளுக்குக் கால்கள் ஆறு. உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பிரிவாக இருக்கும். சிலந்திக்கும் தேளுக்கும் உண்ணிக்கும் கால்கள் எட்டு. புன்னைக்காயல் கழிமுகத்தில் அகப்படும் நண்டுக்கும் இறாலுக்கும் பத்து. பூரானுக்கு உடற்கண்டம் ஒன்றுக்கு ஒரு சோடிக் கால்கள். மரவட்டைக்கோ பெரும்பாலான கண்டங்களில் இரண்டு சோடி. இவை அனைத்தையும் அறிவியலார் ‘கணுக்காலிகள்’ என்னும் ஒரே பெருங்குடும்பத்தில் சேர்க்கின்றனர். மனிதன் இதுவரை பெயரிட்டறிந்த விலங்கினங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இக்குடும்பத்தையே சேர்ந்தவை!

நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது. இவற்றுக்கோ உடலைத் தாங்கும் கூடு வெளியே இருக்கிறது. கைட்டின் என்னும் பொருளாலான அக்கூடு உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆகவே, வளரும்போதெல்லாம் பழைய கூட்டைக் கழற்றி எறிந்து, அடியில் உருவாகியிருக்கும் மெல்லிய புதுக் கூட்டுடன் இவை வெளிவருகின்றன. அது இறுகும்வரை தற்காப்பற்று ஒளிந்திருக்கின்றன.

இவற்றின் கால்களை எண்ணி நமக்கு ஆகப்போவது என்ன என்று கேட்பீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் பயிரிடும் குடும்பங்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

நெல்லுக்குக் கேடு செய்யும் புகையானும் கணுக்காலியே. அதைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் கணுக்காலியே. புகையான் தூரின் அடியில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்தாற்போல் காய்ந்துவிடும். வயலில் ஏதோ ஊர்கிறது என்று கண்டதும் மருந்தடித்தால் என்ன நிகழ்கிறது? சிலந்தி மடிகிறது. ஆனால் புகையானின் முட்டைகளோ இலையுறையின் திசுவுக்குள் பதுங்கியிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகளுக்குப் பகைவரில்லை. காசு கொடுத்துக் காவலனைக் கொன்றுவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்து வைத்த கதைதான்!

இந்தோனேசிய நாடு இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அரசே மானியம் தந்து பூச்சிக்கொல்லியைப் பரப்பிய அந்நாட்டில், புகையான் அடங்குவதற்கு மாறாகப் பெருகிற்று. 1986இல் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து ஆணை பிறந்தது. 1989இல் மானியமும் நிறுத்தப்பட்டது. மருந்து குறைந்தது; விளைச்சலோ குறையவில்லை.

நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் சிலந்திக்குக் கணக்கு உண்டு. தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால் மருந்து தேவைப்படும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின், தூருக்கு இரண்டு என்னும் அளவு வரை பொறுக்கலாம். அதாவது, அந்த எட்டுக்கால் காவலாளி இருக்கும் வயலில் இருமடங்கு பகையைத் தாங்கலாம்! எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுதல், தழைச்சத்தை அளவோடு இடுதல், அவ்வப்போது நீரை வடித்தல் ஆகியனவும் புகையானை அடக்கும். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

எல்லாக் கணுக்காலியும் நண்பன் என்று நான் சொல்ல வரவில்லை. வரப்பைத் துளைக்கும் வயல் நண்டும், இரவில் கொட்டும் செந்தேளும் அக்குடும்பத்தவையே. செந்தேள் குழந்தையைக் கொட்டினால் மந்திரிப்பில் நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பகையையும் நட்பையும் பிரித்தறிவதே நாம் கற்க வேண்டியது.

தாய்மார்களே! அடுத்த முறை மருந்துக் கடைக்குப் புறப்படும் மகனை ஒரு நாழிகை நிறுத்துங்கள். முதலில் வயலில் இறங்கி, தூரைப் பிரித்து, ஆறுகால் எத்தனை, எட்டுக்கால் எத்தனை என்று எண்ணி வரச் சொல்லுங்கள். கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.