ஓநாயின் பெயரால்

உலர் தீவனத்தைத் தூக்கி எறியுங்கள், பச்சை இறைச்சியும் எலும்புமே நாய்க்கு உரிய உணவு என்னும் போதனை நம் நகரங்களில் நாய் வளர்ப்போரிடையே பரவிக்கொண்டிருக்கிறது. அதன் சாரம் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடும். நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஓநாய் வேட்டையாடியதைப் பச்சையாகவே தின்கிறது. ஆகவே நாய்க்கும் அதுவே இயற்கை. கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும் இந்த வாதத்தின் கடைசிச் சொல்லோடுதான் நமக்கு வழக்கு. தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்துக்கு அடுத்து உணவையும் அதற்கு அடுத்து விலங்கையும் வைத்தார். நிலத்திலிருந்து பிரித்து எதையும் வைக்கவில்லை. அந்த மரபில் பயின்றவர்களுக்கு, நிலமும் பொழுதும் கழன்றுபோய்ப் பொட்டலத்தில் வந்து இறங்கும் ஓர் இயற்கையைக் கண்டால் ஐயம் எழத்தானே செய்யும்?

உலர் தீவனத்துக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம். 1860களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர் லண்டனில் விற்கத் தொடங்கிய நாய் பிஸ்கட்டில் இந்த வணிகம் பிறந்தது. மாவும் இறைச்சிப் பொடியும் கலந்து, உயர் வெப்பத்தில் அழுத்தித் துளை வழியே பிதுக்கி உருண்டைகளாக்கும் முறை 1950களில் வந்தது. அந்த உருண்டை உருண்டையாக நிற்பதற்கே மாவுச்சத்து வேண்டும். எந்திரத்தின் தேவை நாயின் தேவையாகப் பெயர் மாற்றம் பெற்ற கதை அது. 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி மடிந்தபோது, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக, மெலமைன் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பையின் மீது அச்சிட்ட சதவீதங்களை வேதவாக்காகக் கொள்வோர் இதை மறக்கலாகாது.

இங்கே இன்னொன்றும் உண்டு. புலால் நுழையாத வீடுகளில்கூட இந்த உருண்டை தடையின்றி நுழைகிறது. இரத்தம் இல்லை, எலும்பு இல்லை, கறிக்கடை வாசலில் நிற்க வேண்டியதும் இல்லை. கோழி அங்கே ஒரு படமாக மட்டுமே இருக்கிறது. பச்சை இறைச்சிக்காரர்களிடம் இந்தப் பாசாங்கு கிடையாது. அந்த நேர்மையை மதிக்கிறோம்.

அவர்களது இயக்கத்துக்கு மூலவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993இல் அவர் எழுதிய நூலிலிருந்து கிளைத்ததுதான் 'பார்ஃப்' என்று சுருக்கி அழைக்கப்படும் உணவுமுறை. (ஆங்கிலப் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு வாந்தி என்று பொருள். பெயரிட்டவர்களின் நகைச்சுவை உணர்வைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.) ஆலைத் தீவனத்தின் மீது அவர் வைத்த கேள்விகள் பல இன்றும் கேட்கத் தக்கவை. ஆனால் கேள்வி சரியாக இருப்பதாலேயே விடையும் சரியாகிவிடாது.

ஓநாய் வாதத்தை எடுத்துக்கொள்வோம். 2013இல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்களிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதைக் காட்டியது. மனிதன் பயிர் செய்து, அடுப்பு மூட்டி, மிஞ்சியதை வாசலில் கொட்டிய காலத்தின் சுவடு நாயின் உயிரணுவிலேயே பதிந்திருக்கிறது. எல்லா நாய்களிடமும் ஒரே அளவில் இல்லை என்பதும் உண்மையே. உழவு எட்டாத நிலத்தில் காடேறிவிட்ட ஆஸ்திரேலிய டிங்கோவிடம் பெரும்பாலும் இரண்டு படிகளே உள்ளன. டிங்கோவுக்காக வாதாட வருவோரிடம் நமக்குச் சண்டையில்லை. ஆனால் சென்னை அடுக்ககத்தின் லாப்ரடார் டிங்கோ அன்று.

ஞமலி, ஞாளி என்றெல்லாம் நாய்க்குப் பெயரிட்டு, வேட்டுவரோடு அதை உலவவிட்ட மொழி நம்முடையது. வேட்டைக்குப் பெயர்போன சிப்பிப்பாறை, கன்னி நாய்களைத் தென்மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் வளர்த்தவர்கள் அவற்றுக்கு என்ன போட்டார்கள்? கம்பங்கூழ், கேழ்வரகு, சோளம், பால். கறி கிடைத்த நாளில் கறி. முயலைத் துரத்திப் பிடித்த கால்களுக்கு உரம் கொடுத்தது பெரும்பாலும் கூழ்தான். அது முழுமையான உணவு என்று நாம் சொல்ல வரவில்லை. ஓநாயைத் தேடி ஆர்க்டிக் வரை போகிறவர்களின் கண்ணுக்கு அந்தக் கூழ்ச்சட்டி ஏன் படவில்லை என்பதே கேள்வி. கூழுக்கு முகவர் இல்லை, பொட்டலம் இல்லை. இதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை. ஆலைக்காரருக்கும் பச்சை இறைச்சிக்காரருக்கும் ஆயிரம் பகை இருக்கலாம். வீட்டு அடுப்பில் சமைத்ததை இளக்காரம் செய்வதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

இனி பச்சை இறைச்சி நம் ஊரில் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரே வெட்டுக்கட்டை, ஒரே கத்தி, முப்பத்தைந்து பாகை வெயில், கறுப்புப் பாலித்தீன் பை. இதில் சால்மோனெல்லா இருந்தால் உறையவைப்பதால் சாகாது, உறங்கும், அவ்வளவே. நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் எரித்துவிடும் என்பார்கள். பச்சை இறைச்சி தின்னும் நாய்கள், தமக்கு எந்த நோவும் இன்றியே, மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2018இல் நெதர்லாந்தில் 35 உறைநிலைப் பச்சை உணவுகளைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் லிஸ்டீரியா இருந்தது, ஐந்தில் ஒன்றில் சால்மோனெல்லா. குளிர்சாதனச் சங்கிலி அறுபடாத நாட்டின் கணக்கு இது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலேயே இவ்வுணவை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கை வகுத்தது. 2024 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பூனை, உறைந்த பச்சை வான்கோழி உணவின் வழியே பறவைக் காய்ச்சல் தொற்றி இறந்தது.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வாதிடுவோரிடம் நாம் கேட்க விரும்புவது வேறொன்று. அந்தத் தட்டைக் கழுவுவது யார்? கோழி இரத்தம் படிந்த தரையைத் துடைப்பது யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் அது நாயின் உரிமையாளர் அல்லர். கையுறையும் கிருமிநாசினியும் தரப்படாத ஒரு பெண். நாய் நக்கிய கையோடு தவழும் குழந்தையும், நோய் எதிர்ப்பு குன்றிய முதியவரும் அதே கூடத்தில்தான் இருக்கிறார்கள். 'மூதாதை உணவு' பற்றிய கட்டுரைகளில் இவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

ஆட்டு ஈரலும் நுரையீரலும் மலிவு என்பதால் அவற்றையே வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. எக்கினோகாக்கஸ் என்னும் சிறு நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் தங்கும் இடங்கள் அவைதாம். கட்டியைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும். நாய்க்குப் பெரிய துன்பம் இராது. அதன் முட்டை மனித வயிற்றுக்குள் போனால், ஆண்டுகள் கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி திரளும். பல நேரங்களில் அறுவை சிகிச்சைதான் வழி. ஆடு, நாய், மனிதன் என்னும் இந்தச் சுழல் இந்தியாவில் இன்னும் அறுபடவில்லை. இதுவும் இயற்கைதான்!

மாற்றும் முறையைப் பற்றி அவர்கள் எழுதுவதில் நம்மை மிகவும் உறுத்துவது ஒரு சொல்லாட்சி. நெடுநாள் உலர் தீவனம் தின்ற நாய்க்கு ஒரே நாளில் பச்சைக் கோழியைப் போட்டால் வயிற்றுப்போக்கு வருகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நச்சு நீக்கம்'. நோயின் அறிகுறியைக் குணத்தின் அறிகுறியாகப் பெயர் மாற்றிவிட்டால் பிறகு எந்தத் தவறும் தவறாகத் தெரியாது. எந்த நாயும் மருத்துவரிடம் போகத் தேவையில்லை. எந்த உணவிலிருந்து எந்த உணவுக்கு மாற்றினாலும் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் சிறிது சிறிதாகப் புதியதைக் கலக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவத்தின் எளிய பாடம். இரத்தம் கலந்த கழிச்சலுக்கு நச்சு நீக்கம் என்று பெயரிடுவது தமிழுக்கும் கேடு, நாய்க்கும் கேடு.

வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று அவர்கள் எச்சரிப்பது சரியே. பச்சை எலும்பு பல்லின் காறையைக் குறைக்கும் என்பதும் சரி. பல்லையும் உடைக்கும் என்பதைத்தான் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நம் வீட்டு உணவும் குற்றமற்றதன்று. தயிர்ச்சோறு மட்டுமே தின்னும் நாய்க்குப் புரதம் போதாது. எலும்பற்ற கறியை மட்டும் போட்டால், அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் அற்பம்; இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ, கால்சியம் இரு மடங்கு வரையோ இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு தலைகீழாகி, குட்டிகளின் எலும்பு வளையும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இருநூறு வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதேனும் ஒரு சத்து குறைந்திருந்தது. ஆகவே சோறு எத்தனை கைப்பிடி, கறி எத்தனை கிராம், முட்டை ஓட்டுப் பொடி எவ்வளவு, துத்தநாகமும் தாமிரமும் எதிலிருந்து என்பதையெல்லாம் நாயின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஓநாய் வரலாற்றைக் கரைத்துக் குடிப்பதைவிட இது குறைந்த உழைப்பே.

கடையில் வாங்கிய ஈரலையும் நுரையீரலையும் அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் அந்த நாடாப்புழுவின் கட்டிகள் செத்துப்போகும். அந்த அரை மணி நேரத்தால் நாய்க்கு என்ன நட்டம் என்பதைப் பச்சை இறைச்சிக்காரர்கள் சொல்லட்டும், கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.