விளம்பரத்தில் வராத வெள்ளம்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குள் மாலை 6 மணிக்கு நுழைந்து பாருங்கள். பூக்கூடையும் தள்ளுவண்டியும் பைக்கும் இடித்துக்கொண்டு நிற்க, நடப்பவருக்கு ஓரடி இடம் மிஞ்சாது. தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. 2023 டிசம்பர் 30 அன்று தாம்பரத்துக்கு அப்பால் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, மனை விற்பவர்களுக்குச் சொல்ல இன்னொரு பெயரும் கிடைத்துவிட்டது.

அவர்கள் சொல்லாதது ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டார்கள். தாழ்வான அந்தப் பக்கங்களில் இன்று வரும் அடுக்குமாடிகள், தூண்மேல் வீட்டை ஏற்றி, கீழே காரை விடுகின்றன. மேலே இருப்பவர் நனையமாட்டார், சரி. மண் கொட்டி மேடாக்கிய மனையிலிருந்து தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துத் தெருவின் பழைய வீட்டுக்குள்தான்.

ஆகவே, தாழ்வான பக்கங்களை விட்டு, தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய பகுதியில் மாடிகளை உயர்த்துவதே நியாயம் என்பது நம் கருத்து. நடந்தே ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் அதற்கு முன் நடைபாதையும் பாதாளச் சாக்கடையும் வரவேண்டும். கட்ட அனுமதிக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சிஎம்டிஏ) மாநகராட்சியும், 2015-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை ஒவ்வொரு புதுக் கட்டட வாசலிலும் எழுதிவைக்கச் சொல்லட்டும்.